தாத்தா சொல்லச் சொல்ல அடித்தது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போன வாரம் போனில், "அந்தப் பழைய கம்ப்யூட்டர் டப்பாவைத் தூக்கிப் போடும்மா, லேப்டாப் வாங்கி அனுப்புறேன்" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

நீ காலேஜ் சேர்ந்த 2013-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3, நாலு ஜிபி ராம். விண்டோஸ் 7-உடன் வந்ததை லீவில் வந்த நீதான் 10-க்கு மாற்றினாய். அந்த 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. 11-க்கு எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். நம்மிடம் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்றார்கள். பேங்க் வேலை பார்க்கிற சிஸ்டத்தில் அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

ஒரு சர்வீஸ் கடையில் கேட்டேன். "ஃபார்மட் போட்டுடலாம்" என்றார்கள். எனக்கு நெஞ்சை அடைத்தது. தாத்தா ஈசிசேரில் சாய்ந்தபடி சொல்லச் சொல்ல, இரண்டு வருஷம் நான் அடித்து வைத்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

எதிர்வீட்டுப் பெண் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட் 22-ஐ ஒரு பென் டிரைவில் கொண்டுவந்தாள். எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினாள். நெட், பிரிண்டர், சத்தம் எல்லாம் வேலை செய்வதைப் பார்த்த பிறகுதான் சரி என்றேன். 2029 வரை இதற்கு அப்டேட் உண்டாம். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டோம். அதில் ஒரு எழுத்துகூடப் போகவில்லை. அதன் இடத்தில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்று, கூட நாலு ஜிபி ராம். முன்பெல்லாம் ஆன் பண்ணிவிட்டு அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வருவேன். இப்போது நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திரை வந்துவிடுகிறது.

தினமும் தேதி பழையதற்கே போய், பேங்க் பக்கம் திறக்காமல் அடம்பிடிக்குமே, அதுவும் தீர்ந்தது. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி, சிஆர் 2032. அது செத்துக் கிடந்திருக்கிறது.

பிறகு, பழைய டிஸ்கிலிருந்து எடுத்துவைத்திருந்த தாத்தாவின் ஃபைலைத் திறந்தேன். ஐயோ தம்பி, ஒரு தமிழ் எழுத்து இல்லை! பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள், புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளி. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது அல்லவா? அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அது தமிழே இல்லை. பழைய டிஸ்கை மறுபடி எடுத்து, யூஎஸ்பியில் மாட்டுகிற பெட்டியில் செருகி, அதிலிருந்து பாமினியை எடுத்துப் போட்டதும் தாத்தா திரும்பி வந்தார். அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன்.

இனி ஒரு எழுத்துருவை நம்பி அவர் இருக்கக் கூடாது என்று, எந்தத் தமிழ் எழுத்துருவிலும் தெரிகிற யூனிகோடு முறைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். கருவியில் போட்டால் நொடியில் மாறிவிடும், சரிபார்ப்பதுதான் வேலை. பாமினியில் 'கெ' என்றால் கொம்பு முதலில், 'க' பின்னால். யூனிகோடில் உள்ளே அது தலைகீழ். அந்த இடங்களில்தான் சில சொற்கள் குழம்பி நிற்கின்றன. திருத்தி அடிக்க மின்ட்டில் பழைய டைப்ரைட்டர் விசை அமைப்பையே சேர்த்துக்கொள்ளலாம். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய அதே விரல் பழக்கம், ஒன்றும் மறக்கவில்லை.

இருபத்து மூன்று பக்கம் முடிந்தது. லேப்டாப் வேண்டாம். அந்தப் பணத்தில் பொங்கலுக்கு டிக்கெட் போடு.

92-இல் தாமிரபரணி வெள்ளம் வந்ததை அவர் சொன்ன பகுதியை மெயிலில் அனுப்பியிருக்கிறேன். இனி உன் போனிலேயே திறக்கும். எங்காவது கொம்பு இடம் மாறியிருந்தால் பக்கத்தைக் குறித்து எழுது.

அன்புடன்,
அம்மா