மகாதீரின் கணக்கைத் தனித்தனியாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசியாவின் முன்னாள் பிரதமர் துன் மகாதீர் 1997-98 நிதி நெருக்கடியைக் கையாண்ட விதம் பற்றிப் பேச்சு வந்தால் தோட்டப்புற ஒட்டுக்கடைகளில் இரண்டே கட்சிதான். ஒன்று, நாட்டைக் காப்பாற்றியவர். மற்றொன்று, கூட்டாளிகளைக் காப்பாற்றியவர். இரண்டும் நடந்தவைதான். ஆனால் வெவ்வேறு முடிவுகளால் நடந்தவை.

1997 ஜூலையில் டாலர் சுமார் இரண்டரை ரிங்கிட். 1998 ஜனவரியில் 4.88. நாணயச் சூதாடிகள் சிங்கப்பூரில் ரிங்கிட்டைக் கடன் வாங்கி டாலருக்கு விற்பார்கள்; மதிப்பு இறங்கியதும் குறைந்த டாலரில் ரிங்கிட்டை வாங்கிக் கடனை அடைப்பார்கள். அங்கே கிடைத்த கூடுதல் வட்டிக்காக இங்கிருந்த பணமும் வெளியே போனது. அதைத் தடுக்க இங்கும் வட்டி ஏற, வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது.

1998 செப்டம்பர் 1-இல் அறிவித்த கட்டுப்பாடு அந்த வழியைத்தான் அடைத்தது. வெளிநாட்டிலுள்ள ரிங்கிட் அக்டோபர் 1-க்குள் திரும்பாவிட்டால் செல்லாது. பங்கு விற்ற அந்நியர் பணத்தை 12 மாதம் வெளியே எடுக்க முடியாது. மறுநாள் டாலரின் மதிப்பு 3.80 ரிங்கிட் என்று நிலையாகக் கட்டப்பட்டது. அன்றே துணைப் பிரதமரும் நிதியமைச்சருமான அன்வாரும் நீக்கப்பட்டார். ஏற்றுமதி, இறக்குமதிப் பணத்திலும் ஆலை முதலீட்டின் லாபத்திலும் கை வைக்கவில்லை. பாராட்டுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். வங்கிகள் மத்திய வங்கியான பேங்க் நெகாராவில் ஒதுக்க வேண்டிய கையிருப்பு அந்த ஆண்டிலேயே 13.5 விழுக்காட்டிலிருந்து 4-க்கு இறங்கியது. ரிங்கிட் சரியுமே என்ற பயமின்றி வட்டியையும் குறைக்க முடிந்தது. 1998-இல் 7.4 விழுக்காடு சுருங்கிய பொருளாதாரம் 1999-இல் 6.1 விழுக்காடு வளர்ந்தது.

ஆனால் நெருக்கடி தொடங்கி 14 மாதம் கழித்து வந்த மருந்து இது. போக வேண்டிய பணத்தில் பெரும்பகுதி அதற்குள் போய்விட்டது. ஐ.எம்.எஃப். எனும் அனைத்துலக நாணய நிதியத்திடம் கடன் வாங்கிய தென் கொரியாவும் தாய்லாந்தும் இத்தகைய பூட்டு இல்லாமலே 1999-இல் எழுந்தன. கட்டுப்பாடு ஒன்றுதான் நம்மைக் காப்பாற்றியது என்பது மிகை.

கூட்டாளிகள் கணக்குக்கும் இந்தப் பூட்டுக்கும் சம்பந்தமில்லை. பூட்டு வருவதற்கு முன்பே, 1997 நவம்பரில், யு.இ.எம். நிறுவனம், ஆளுங்கட்சிக்கு நெருக்கமான தன் தாய் நிறுவனம் ரெனோங்கின் 32.6 விழுக்காட்டுப் பங்கை 2.3 பில்லியன் ரிங்கிட்டுக்கு வாங்கியது. பங்குச் சந்தை மிரண்டு விழுந்தது. பிறகு மாஸ் விமான நிறுவனப் பங்கை, ஆட்சிக்கு நெருக்கமான தொழிலதிபரிடமிருந்து, அரசாங்கம் பங்கு ஒன்றுக்கு 8 ரிங்கிட் கொடுத்துத் திரும்ப வாங்கியபோது சந்தை விலை அதில் பாதிகூட இல்லை. நெருக்கடி என்று சொல்லி இவற்றை நியாயப்படுத்த முடியாது.

தோட்ட மக்களின் கணக்கை எந்தக் கட்சியும் எடுப்பதில்லை. செம்பனை எண்ணெய் உலகச் சந்தையில் டாலரில் விலை போவதால், ரிங்கிட் விழ விழ இங்கே விலை ஏறியது. 1998-இல் டன் 2,000 ரிங்கிட்டைத் தாண்டியது. கம்பெனிகளுக்கு அது நல்ல ஆண்டு. குலை வெட்டியவருக்கோ அதே நாள் சம்பளம், வேலை இருந்தால் காசு. புதிய நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்காகத் தோட்டத்தை விட்டுக்கொடுத்தவர்களுக்கு டிங்கிலில் கிடைத்தது விரிசல் விட்ட அடுக்குமாடி. 22 ஆண்டு ஆட்சியில் வராத குறைந்தபட்சச் சம்பளம், அவர் 2003-இல் பதவி விலகிய பிறகு, 2013-இல்தான் 900 ரிங்கிட்டாக வந்தது.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்