அந்த டீத்தூள் லாரி அண்ணனுக்கு

ஆறு நாள், நான்கு மலை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையே தாண்டியாச்சே என்ற மிதப்பில் வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி இறங்கினோம். இங்கே 40தானே! பாதி வளைவு தாண்டுமுன் கருகல் வாசம். பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது.

ஓரங்கட்டி, சக்கரத்தில் ஊற்றத் தண்ணீர் கேனைத் திறந்தேன். பின்னால் வந்த லாரியை நிறுத்திவிட்டு ஓடி வந்தீர்கள். "ஊத்தாதீங்க தம்பி, கொதிக்கிற இரும்பு விரிசல் விட்ரும்."

முக்கால் மணி நேரம் ஆறவைத்தோம். உங்களுக்கு லோடு இறக்கும் அவசரம் இருந்திருக்கும், நீங்கள் காட்டிக்கொள்ளவில்லை. "ஏறுன கியர்லயே இறங்கோணும். இஞ்சின் புடிச்சுக்கும், பிரேக்குக்கு அம்புட்டு வேலையில்லீங்க." பிறகு லாரியை முன்னே விட்டு, ஒவ்வொரு வளைவிலும் கைகாட்டி, இரண்டாம் கியரிலேயே எங்களை அடிவாரம்வரை கூட்டி வந்தீர்கள். ஒன்பதாம் வளைவில் வரையாடு நின்றதாம், பிள்ளைகள் சொன்னார்கள். என் கண் உங்கள் பின்விளக்கை விட்டு நகரவில்லை.

செக்போஸ்ட் தாண்டியதும் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். பேர்கூடக் கேட்கவில்லை. டீக்காசாவது கொடுத்திருக்கலாம். ரொம்ப நன்றிங்க அண்ணா.