மன்னிப்பு ஆணையின் மூன்றாவது காரணம்: மலக்கன்யாங் மாளிகைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
குடியரசுத் தலைவர் அலுவலகம்,
மலக்கன்யாங் மாளிகை, மணிலா, பிலிப்பைன்ஸ்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

2007 அக்டோபர் 25ஆம் நாள் உங்கள் மாளிகையிலிருந்து சில வரிகளே கொண்ட ஓர் ஆணை வெளியானது. பொதுச் சொத்தைச் சூறையாடிய குற்றத்துக்காக ஆயுள் சிறைத் தண்டனை பெற்றிருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஜோசப் எஸ்ட்ராடாவுக்கு, அன்றைய தலைவர் குளோரியா மகபகல் அரோயோ வழங்கிய மன்னிப்பு அது. தீர்ப்பு வந்து 43 நாட்களே ஆகியிருந்தன. அந்த ஆணை எழுதப்பட்ட விதத்தைப் பற்றியும், அதே விதத்தில் இன்னொன்று எழுதப்பட்டுவிடக் கூடாது என்பதைப் பற்றியுமே இந்த மடலை எழுதுகிறேன். வெள்ளத் தடுப்புப் பணிகளின் பெயரில் நடந்த முறைகேடுகள் 2025இல் அம்பலமாகி மக்களைத் தெருவில் இறங்க வைத்தபின், உங்கள் நாட்டில் ஊழல் வழக்குகளைப் பற்றிய பேச்சு மறுபடியும் சூடுபிடித்திருக்கிறது. அவற்றுள் சில தண்டனையில் முடியலாம். அப்படி முடிந்தால் கருணை மனுக்கள் உங்கள் மேசைக்குத்தான் வந்து சேரும்.

திரையில் கண்ட முகங்களைக் கோட்டைக்கு அனுப்பிப் பழகிய தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். ஆகவே, நடிகர் ஒருவர் அரசியலுக்கு வந்தார் என்பதையே குற்றமாகச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. எஸ்ட்ராடாவை வெறும் சினிமாக் கவர்ச்சியால் மேலே வந்தவர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில், எளிய மக்களின் பக்கம் நின்று அடிதடியில் இறங்கும் முரட்டு நாயகனாகப் பெயர் பெற்றவர்தான்; ஆனால் 1969இல் சான் ஹுவான் நகரின் மேயராகி 1986 வரை அந்தப் பொறுப்பில் இருந்ததும், திரைத் தொழிலாளர்களுக்காக 1974இல் நல நிதி அமைப்பு ஒன்றைத் தொடங்கியதும், 1991இல் அமெரிக்கப் படைத்தளங்கள் நீடிப்பதற்கான ஒப்பந்தத்தை நிராகரித்த 12 செனட்டர்களில் ஒருவராக வாக்களித்ததும் அவருடைய கணக்கில் சேர வேண்டியவையே. 1992இல் துணைத் தலைவரானார். 1998இல் ‘ஏராப் ஏழைகளுக்காக’ என்று தம் செல்லப்பெயரைச் சேர்த்த முழக்கத்துடன் போட்டியிட்டு, 1 கோடியே 7 லட்சம் வாக்குகளை, அதாவது ஏறத்தாழ 40 விழுக்காட்டைப் பெற்று வென்றார். நண்பர், உறவினர், பெற்ற பிள்ளை என எவரும் தன் பதவியை வைத்து ஆதாயம் தேட முடியாது என்று பதவியேற்பு உரையில் எச்சரித்தவரும் அவரே.

அந்த எச்சரிக்கைக்கு இரண்டே ஆண்டுகளில் வந்த பதில் ஒரு நண்பரிடமிருந்துதான் வந்தது. 2000 அக்டோபரில், இலோகோஸ் சூர் மாகாண ஆளுநரும் எஸ்ட்ராடாவின் நெடுநாள் கூட்டாளியுமான சாவிட் சிங்சன், ஹுவெதெங் சூதாட்டத்திலிருந்து வசூலான பாதுகாப்புப் பணத்தைத் தலைவருக்குத் தாமே சேர்ப்பித்ததாக வெளிப்படையாகக் கூறினார். ஹுவெதெங் என்பது 1 முதல் 37 வரையிலான எண்களில் இரண்டைத் தேர்ந்து பணம் கட்டும் சட்டவிரோத ஆட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். தமிழ் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வசூலிப்பவர் வீடு வீடாக வந்து சில்லறைக் காசை வாங்கிக்கொண்டு போவார். கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். நீதிமன்றம் உண்மை என்று கண்ட மற்றொரு குற்றச்சாட்டும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் போய் நிற்கிறது: அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியையும் தனியார் துறைத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிதியையும் கொண்டு பெல் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தின் பங்குகளை வாங்க வைத்து, அதற்குத் தரகாக 18 கோடியே 90 லட்சம் பெசோ பெற்றது. ஏழைகளுக்காக என்று சொல்லி வந்தவரிடம் சேர்ந்த பணம் எங்கிருந்து கிளம்பியது என்பதை இந்த இரண்டு செய்திகளும் ஐயமின்றிக் காட்டுகின்றன. அரசியல் பழிவாங்கல் என்று அவருடைய ஆதரவாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த விசாரணையின் முடிவில், ஊழல் வழக்குகளுக்கான சாண்டிகன்பயன் நீதிமன்றம் அவருடைய மகனையும் வழக்கறிஞரையும் விடுவித்து அவரை மட்டுமே தண்டித்தது. பொய்ச் சான்று வழக்கில் அவரையும் விடுவித்தது. கண்ணை மூடிக்கொண்டு பழிதீர்த்த தீர்ப்பாக அதை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆனால் மன்னிப்பு ஆணையின் கதை உண்மையில் அதற்கும் முன்பே, செனட் சபையில் தொடங்குகிறது. 2000 டிசம்பரில் பதவி நீக்க விசாரணை அங்கே நடந்தபோது, கிளாரிஸ்ஸா ஒகாம்போ என்ற வங்கி அதிகாரி சாட்சிக் கூண்டில் ஏறி, 50 கோடி பெசோ தொடர்பான ஆவணங்களில் எஸ்ட்ராடா ‘ஹோசே வெலார்தே’ என்று வேறு பெயரில் கையெழுத்திட்டதை ஓர் அடி தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொன்னார். அந்தப் பெயரிலான வங்கிக் கணக்கு தொடர்பான முத்திரையிட்ட உறை ஒன்றைத் திறக்க வேண்டாம் என்று 2001 ஜனவரி 16 அன்று செனட்டர்கள் 11-க்கு 10 என்ற கணக்கில் முடிவு செய்தார்கள். குற்றம் சாட்டிய தரப்பினர் வெளியேறினார்கள், மக்கள் மணிலாவின் எட்சா நெடுஞ்சாலையில் திரண்டார்கள், படைத் தலைமை ஆதரவை விலக்கிக்கொண்டது, ஜனவரி 20 அன்று துணைத் தலைவராக இருந்த அரோயோ தலைவராகப் பதவியேற்றார். இவை உலகறிந்தவை. அதிகம் பேசப்படாதது வேறொன்று. பதவி நீக்க விசாரணை முழுமையாக நடந்து செனட் தண்டித்திருந்தால், இனி எந்தப் பதவியும் வகிக்க முடியாது என்ற தடையையும் அது விதித்திருக்கலாம். உங்கள் அரசமைப்புச் சட்டத்தின்படி, பதவி நீக்க வழக்குகளில் மன்னிப்பு வழங்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு இல்லை. விசாரணை பாதியில் நின்றதால் அந்தக் கதவு சாத்தப்படாமலே போனது. அந்த உறையைத் திறக்கவிடாத ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தின் விளைவு 2007 வரை, ஏன், 2013 வரை நீண்டது.

இப்போது ஆணைக்கே வருகிறேன். அதன் முகப்பில் மூன்று காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. 70 வயதை எட்டிய கைதிகளை விடுவிப்பது இந்த அரசின் கொள்கை என்பது முதலாவது. எஸ்ட்ராடா ஆறரை ஆண்டுகளாகக் காவலில் இருக்கிறார் என்பது இரண்டாவது; அதில் பெரும்பகுதி படைவீரர் மருத்துவமனையிலும் தானாய் என்ற ஊரில் உள்ள அவருடைய சொந்த ஓய்வு இல்லத்திலும் கழிந்தது என்பதை ஆணை சொல்லவில்லை. இனி எந்தத் தேர்தல் பதவிக்கும் போட்டியிடப் போவதில்லை என்று அவர் பகிரங்கமாக உறுதியளித்திருக்கிறார் என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் கீழேதான் உண்மையில் ஆணையிடும் வரிகள் வருகின்றன. அவற்றில் மன்னிப்பு வழங்கப்படுகிறது. குடியுரிமைகளும் அரசியல் உரிமைகளும் மீட்டளிக்கப்படுகின்றன. நீதிமன்றம் விதித்த பறிமுதல், பதவிக்கு வரும் முன்பே அவருக்கு இருந்த வங்கிக் கணக்குகள் நீங்கலாக, அப்படியே தொடர்கிறது. அதாவது 54 கோடியே 27 லட்சத்து 91 ஆயிரம் பெசோ, மேலே சொன்ன 18 கோடியே 90 லட்சம், நியூ மணிலாவில் ‘போராகாய் மாளிகை’ என்று அழைக்கப்பட்ட வீடு ஆகியவை அரசுக்கே. தேர்தலில் நிற்பதில்லை என்ற உறுதிமொழி மட்டும் கீழே இறங்கி வரவில்லை. காரணமாக மேலே வீற்றிருந்ததே தவிர, நிபந்தனையாக ஆகவில்லை. மறுநாள் பிற்பகல் 3.35க்கு, ‘பெற்றுக்கொண்டேன், ஏற்றுக்கொண்டேன்’ என்று நேரத்தையும் குறித்து எஸ்ட்ராடா கையெழுத்திட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை அந்த இடைவெளிக்குள் நடந்தவைதான். 2010இல் அவர் மீண்டும் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, 26 விழுக்காடு வாக்குகளுடன் இரண்டாவதாக வந்தார். அவர் நிற்கலாமா என்று தொடுக்கப்பட்ட வழக்கை, அவர் தோற்றுவிட்டதால் முடிவு செய்யத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2013இல் மணிலாவின் மேயரானார். அதை எதிர்த்த வழக்கில் 2015 ஜனவரியில் வந்த தீர்ப்பு 11-க்கு 3 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது: ஆணையிடும் வரிகள் தெளிவாக இருக்கின்றன, முகப்பில் உள்ள காரணம் மன்னிப்பைக் கட்டுப்படுத்தாது என்றது பெரும்பான்மை. நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை. எழுதித் தந்த ஆணையைத்தான் அது படித்தது. எழுதியவர்கள் நினைத்திருந்தால், போட்டியிட்டால் இந்த மன்னிப்பு செல்லாது என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்த்திருக்கலாம். 2016இல் மறுபடியும் வென்று, 2019இல்தான் அவர் தோற்றார்; அதுவும் இஸ்கோ மொரேனோ என்ற இன்னொரு முன்னாள் நடிகரிடம்.

இன்னொரு குறையும் இருக்கிறது. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. இறுதித் தீர்ப்புக்குப் பின்னரே மன்னிப்பு வழங்கலாம் என்கிறது உங்கள் அரசமைப்புச் சட்டம். தீர்ப்பு இறுதியாக வேண்டும் என்பதற்காக, மறுபரிசீலனை கோரித் தாம் தாக்கல் செய்திருந்த மனுவை எஸ்ட்ராடா 2007 அக்டோபர் 22 அன்று திரும்பப் பெற்றார். மூன்றாம் நாள் மன்னிப்பு வந்தது. இதனால் அந்தத் தீர்ப்பு சரியா என்பதை உச்ச நீதிமன்றம் கடைசிவரை பரிசீலிக்கவில்லை. அவரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. நான் நிரபராதி என்றே மேடைதோறும் சொல்லி வந்தார். நடந்தது கொள்ளையா, இல்லையா என்ற கேள்விக்குச் சட்டத்தின் மொழியில் ஒரு பதிலும், தேர்தல் மேடையின் மொழியில் இன்னொரு பதிலும் இன்றுவரை அருகருகே உலவுகின்றன.

மன்னிப்புக்குச் சொல்லப்பட்ட நியாயத்தை நான் மறக்கவில்லை. 2001 ஏப்ரலில் அவர் கைதானபோது எட்சாவில் கூடியவர்கள், ஜனவரியில் கூடியவர்களைவிட ஏழைகள். மே 1 அன்று அவர்கள் மாளிகை வாசல்வரை வந்ததையும், அங்கே உயிர்கள் பலியானதையும் நீங்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வாக்கால் வந்தவரை வசதி படைத்தவர்கள் கீழே இறக்கிவிட்டார்கள் என்ற அவர்களுடைய கோபத்துக்கு ஏதாவது ஒரு வகையில் மருந்திட வேண்டியிருந்தது. எழுபது வயது மனிதர் வீட்டில் போய் முதுமையைக் கழிப்பதில் எனக்கு மறுப்பும் இல்லை. ஆனால் அவரை வீட்டுக்கு அனுப்ப, சிறைத் தண்டனையை மட்டும் நீக்கியிருந்தாலே போதும். தேர்தலில் நிற்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தது வேறு கணக்கு. அவருடைய பதவி பறிபோனதால் பதவிக்கு வந்தவரும், அப்போது தம் மீதே ஊழல் குற்றச்சாட்டுகளைச் சுமந்துகொண்டிருந்தவருமான ஒருவரின் கையால் அது வந்தபோது, கருணை எது, பேரம் எது என்று பிரித்துப் பார்க்க மக்களால் முடியாமல் போனது. அதே அரோயோ பின்னர் 2012இல் சூறையாடல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு, 2016இல் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்.

எனவே உங்கள் அலுவலகத்திடம் நான் கேட்டுக்கொள்வது இது. பொதுப் பணத்தைக் களவாடியதற்காகத் தண்டனை பெற்ற எவருக்கேனும், அவர் திரை நட்சத்திரமோ பொறியாளரோ செனட்டரோ, மன்னிப்பு வழங்க முன்வருவீர்களானால், அவர் கொடுக்கும் உறுதிமொழியை முகப்பில் அலங்காரமாக வைக்காமல், மீறினால் மன்னிப்பு ரத்தாகும் என்று ஆணையிடும் வரிகளிலேயே எழுதுங்கள். அரசியல் உரிமைகளை மீட்டளிப்பதைத் தண்டனைக் குறைப்பிலிருந்து பிரித்து, தனி ஆணையாக, தனிக் காரணத்துடன், பறிமுதல் செய்ய வேண்டிய பணம் கருவூலத்துக்கு வந்து சேர்ந்தபின் மட்டும் பரிசீலியுங்கள். மறுபரிசீலனை மனுவைத் திரும்பப் பெற்ற மூன்றாம் நாள் கையெழுத்திடும் அவசரம் வேண்டாம். மன்னிப்புக் கேட்பவர், தாம் எதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்பதை எழுத்தில் தர வேண்டும் என்றும், அந்த எழுத்து ஆணையுடன் சேர்த்தே வெளியிடப்படும் என்றும் விதி செய்யுங்கள். இவற்றுக்கு அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கும் அதிகாரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகர்