விடுப்பு முடிந்த மறுநாள்

ஆய்வு மாணவிகளின் மகப்பேறு விடுப்பு பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள், முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், ஆறு ஆண்டு வரம்புக்கு மேல் இரண்டு ஆண்டு தளர்வும் தருகின்றன. நல்ல காரியம். சரி, விடுப்பு முடிந்த மறுநாள் குழந்தையை எங்கே விடுவது?

என் மகளுக்கு ஒன்பது மாதமானபோது ஆய்வகத்துக்குத் திரும்பினேன். அவளை அம்பாசமுத்திரத்தில் ஆச்சியிடம் விட்டுவிட்டுக் காலை ஏழு மணிப் பேருந்தில் பாளையங்கோட்டைக்கு வருவேன். மதியத்துக்குள் பால் கட்டி மார்பு வலிக்கும். பீய்ச்சி எடுக்க மறைவான ஓர் அறை இல்லை, கழிவறைக்குத்தான் போவேன். அப்புறம் ஆச்சிக்கு மூட்டுவலி வந்தது. என் ஆய்வு ஓராண்டு அப்படியே நின்றுபோனது. ஆச்சியின் உடல்நலத்தை நம்பித்தான் ஒரு பெண்ணின் படிப்பு நடக்க வேண்டுமா?

பாளையங்கோட்டையில் கல்லூரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவை செலவைப் பகிர்ந்துகொண்டு, மாணவிகளுக்கும் பேராசிரியைகளுக்கும் பொதுவாக, மாலை ஆறு மணிவரை இயங்கும் ஒரு குழந்தைகள் காப்பகத்தை, பாலூட்டும் அறையுடன், வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.

- ஓர் ஆய்வு மாணவி, அம்பாசமுத்திரம்