மண்டபத்தில் ஒரு படிப்பறை

ஆசிரியருக்கு,

கோலாப்பூர் அருகே வலிவடே முகாமில் இருந்த போலந்து அகதிகள் பற்றிய கட்டுரை படித்தேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்களில் பலர் பிரிட்டனில் குடியேறினார்கள். லண்டன் ஹாமர்ஸ்மித்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கிங் தெருவில் போலந்துக்காரர்களின் பண்பாட்டு மையத்தைப் பார்த்தேன். ‘போஸ்க்’ என்கிறார்கள். ரோமன் வைடா என்ற பொறியாளர் முன்னின்று 1964இல் சங்கம் தொடங்கி, ஊரார் நன்கொடையில் 1974இல் கட்டடம் திறந்தார்கள். தியேட்டர், உணவகம், ஜாஸ் கச்சேரிக்கு இடம் எல்லாம் உண்டு. நூலகம் அதற்கும் மூத்தது. 1942இல், போர் நடக்கும்போதே தொடங்கியது! 2016இல் யாரோ வாசலில் வசை எழுதிப் போக, அக்கம்பக்கத்தார் பூங்கொத்துகளோடு வந்தார்களாம்.

எங்கள் அம்மாப்பேட்டையில் ஒரு சமூகத்தார் மண்டபம் கட்டுகிறார்கள். பிளானில் ஏசி டைனிங் ஹால், மணமகள் அறை, ஜெனரேட்டர் ஷெட் வரை இருக்கிறது. படிக்க ஓர் அறை கேட்டால், “அதுக்கு வாடகை வருமா சார்?” என்கிறார்கள். சரி, ஆடியிலும் மார்கழியிலும் மட்டும் என்ன வாடகை வரப்போகிறது? மாடியில் இரண்டு பீரோவுக்கு இடம் விட்டால், என் புத்தகங்களைக் கொடுத்துவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
அம்மாப்பேட்டை, சேலம்.