வெட்டப்பட்ட உன் கட்டுரையைப் பற்றி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். தாயும் சேயும் நலம் என்று படித்ததும் எங்கள் இருவருக்கும் மனம் நிறைந்துபோயிற்று. கமலாவுக்கு முழங்கால் வலி குறைந்து, இப்போது யார் துணையும் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாள். எனக்குப் பணி ஓய்வுக்குப் பிறகும் மெய்ப்புத் திருத்தும் வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது.

இனி உன் மனக்குறைக்கு வருகிறேன். அந்தத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி விக்கிப்பீடியாவில் நீ எழுதிய கட்டுரையின் பழைய வடிவத்தையும் இன்றைய வடிவத்தையும் அருகருகே வைத்துப் படித்தேன். கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் நடந்த வாக்குவாதத்தையும் ஒரு வரி விடாமல் பார்த்தேன். வேறொரு பயனர் முக்கால்வாசிக் கட்டுரையை ஒரே திருத்தத்தில் நீக்கிவிட்டு, ‘தேவையற்ற விவரம்’ என்று இரண்டே சொல்லில் காரணம் எழுதிப் போனது முறையல்ல. உழைத்து எழுதியவரிடம் முதலில் பேசியிருக்க வேண்டும். ஆனால் அவர் நீக்கியதில் பெரும்பகுதி நீங்க வேண்டியதுதான். உன்னிடம் மழுப்பிப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

கதைச்சுருக்கத்தை எடுத்துக்கொள். ‘அன்று இரவு மழை கொட்டுகிறது. கதவு தட்டப்படுகிறது. திறந்து பார்க்கும் ரேவதி உறைந்து நிற்கிறாள்’ என்று எழுதியிருக்கிறாய். வந்தது யார் என்பது மூன்று பத்தி தள்ளித்தான் தெரிகிறது. தொடரை எழுதியவருக்கு அது தேவை. நாளையும் ஆள் பார்க்க வேண்டும். கலைக்களஞ்சியத்தைத் திறப்பவர் எதற்காக வருகிறார்? எங்கோ அந்தத் தொடரின் பெயரைக் கேள்விப்பட்டு, அது என்னவென்று தெரிந்துகொள்ள வருகிறார். ‘இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய கணவன் திரும்பி வருகிறான், முடிந்துபோன சொத்து வழக்கு மறுபடி தொடங்குகிறது’ என்றால் அவருக்குப் போதும். ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கு அளவே வைத்திருக்கிறார்கள். தொடரின் பகுதிகள் (எபிசோடுகள்) பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 200 சொல். ஒரு பகுதிக்கென்றே தனிக் கட்டுரை இருந்தால் 400 சொல். முடிவை மறைத்து வைக்கும் வழக்கமும் அங்கே இல்லை. ‘கதை வெளிப்படும், எச்சரிக்கை’ என்று முன்பு போட்டுவந்த அறிவிப்புகளையும் 2007இல் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். அது சரி என்றுதான் நினைக்கிறேன். முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர் கதைச்சுருக்கம் என்று தலைப்பிட்ட பகுதியைப் படிக்கப் போவதில்லை.

என்னைப் பொறுத்தவரை, தொடருக்குள் நடப்பது வேறு, தொடருக்கு நடந்தது வேறு. கட்டுரை இரண்டாவதைத்தான் முதன்மையாகச் சொல்ல வேண்டும். ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் தொடரின் முதல் பகுதி 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி.யில் ஒளிபரப்பானது. அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதற்கு மறுநாள். அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்னால் முதல் பகுதியை மறுபடி காட்டினார்கள். இந்தச் செய்தி கதைக்குள் எங்கும் இல்லை. தொடரை எத்தனை முறை பார்த்தாலும் தெரியவராது. ‘மாஷ்’ என்ற அமெரிக்கத் தொடரின் கடைசிப் பகுதியை 1983 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவில் சுமார் 10.6 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பதும் அப்படித்தான். யாரோ தேடி, குறித்து, அச்சிட்டு வைத்ததால் நமக்குக் கிடைத்த செய்திகள் இவை. இவற்றுக்காகத்தான் கலைக்களஞ்சியம் வேண்டியிருக்கிறது.

உன் தொடரிலும் அப்படி ஒன்று இருக்கிறதே! நாயகியாக நடித்தவர் பாதியில் விலகியதும், வேறொருவரை நடிக்க வைக்காமல் அந்தப் பாத்திரத்தையே கதையில் சாகடித்துவிட்டார்கள். அதைப் பார்வையாளர்கள் எதிர்த்து எழுதியது பத்திரிகைகளில் வந்தது. இதை எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பக்கம் விவரித்திருக்கிறாய். கட்டுரையிலோ ‘விபத்தில் ரேவதி இறக்கிறாள்’ என்பதோடு சரி. ரேவதியின் சாவு கதை. அவள் ஏன் சாக வேண்டியிருந்தது என்பதுதான் வரலாறு.

நடிகர் பட்டியல் விஷயத்தில் நான் முழுக்க உன் பக்கம். கட்டுரையின் திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்தேன். அந்த நடிகை விலகிய செய்தி வந்த அன்று மாலையே யாரோ அவர் பெயரை அழித்திருக்கிறார்கள். நீ திரும்பச் சேர்த்திருக்கிறாய். இரவில் மறுபடி அழித்திருக்கிறார்கள். அழித்தவர் பட்டியலை இன்றைய வருகைப் பதிவேடாக நினைத்துவிட்டார். தொடரில் முதன்மை வேடத்தில் நடித்தவர் எவரும் விலகினாலும் பட்டியலில் இருக்க வேண்டும். எந்தப் பகுதி வரை என்று குறித்தால் போதும். பத்து ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு முதல் நாளும் கடைசி நாளும் ஒன்றுதான். ஒளிபரப்பு முடிந்த தொடரையும் ‘தொலைக்காட்சித் தொடர் ஆகும்’ என்றே ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடங்கச் சொல்வதும் இந்தக் காரணத்தால்தான். ஒளிபரப்பு நின்றது, படைப்பு இருக்கிறது.

தலைப்புப் பாடலுக்கு இசையமைத்தவரைப் பற்றிய பத்தியை நீக்கியதும் தவறு. அவருடைய பேட்டியை நாளிதழிலிருந்து மேற்கோள் காட்டித்தான் எழுதியிருந்தாய். அதை நீக்கியவர், வாராவாரம் பார்வையாளர் புள்ளி (டி.ஆர்.பி.) ஏறி இறங்கிய நீண்ட அட்டவணையைத் தொடாமல் விட்டிருக்கிறார். எந்த நாட்டில் எந்த அலைவரிசையில் எத்தனை மணிக்கு என்ற பட்டியலும் அப்படியே இருக்கிறது. எண்கள் நிறைந்திருந்தால் கட்டுரை கனமாகத் தெரிகிறது. ஆனால் நேரம் மாறிய மறுநாளே அந்தப் பட்டியல் பொய்யாகிவிடும். நேரம் ஏன் மாற்றப்பட்டது, அதனால் என்ன ஆயிற்று என்பதற்குச் சான்று கிடைத்தால் அது ஒரு பத்தி. நட்சத்திரக் குறி போட்டு யார் வேண்டுமானாலும் மதிப்பெண் தரும் தளங்களின் எண்ணையும் எடுத்துவிடு. விமர்சகர் ஒருவர் பெயர் போட்டு எழுதியது ஒன்று இருந்தால் அது மேல்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது ரியாலிட்டி நிகழ்ச்சிகளைப் பற்றிய கட்டுரைகள். அங்கே வருபவர்கள் கதைமாந்தர்கள் அல்லர். உயிரோடு இருக்கும் மனிதர்கள். ஒரு போட்டியாளர் தோற்று அழுதது, வீட்டுச் சண்டையைச் சொன்னது, யாரோ அவரைப் பற்றிச் சொன்ன குற்றச்சாட்டு எல்லாம் ‘நிகழ்ச்சிச் சுருக்கம்’ என்ற பெயரில் கட்டுரைக்குள் போய்விடுகிறது. நிகழ்ச்சி மறந்துபோகும். அந்தப் பெண் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவள் பெயரைத் தேடுகிறவருக்கு முதலில் கிடைப்பது அந்த வரியாக இருக்கும். உயிரோடு இருப்பவரைப் பற்றி நம்பகமான சான்று இல்லாத குற்றச்சாட்டைக் கண்டவுடன் நீக்கலாம், பேச்சுப் பக்கத்தில் காத்திருக்க வேண்டியதில்லை என்று விக்கிப்பீடியாவில் கடுமையான விதி இருக்கிறது. சான்று இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள இது வேண்டுமா? வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் நீக்குகிறவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ரசிகர்கள் சேர்த்து வைக்கும் நுணுக்கங்களுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்டிருக்கிறாய். நிச்சயமாக இருக்கிறது. ‘டாக்டர் ஹூ’வின் 1960களின் பல பகுதிகளை பி.பி.சி. நாடாவிலிருந்து அழித்துவிட்டது. அப்படிக் காணாமல் போனவற்றின் ஒலியாவது இன்று நம்மிடம் இருப்பது, அன்று வீட்டில் உட்கார்ந்து ஒலிநாடாவில் பதிவு செய்த ரசிகர்களால்தான். எது பிற்காலத்துக்கு வேண்டும் என்பது நிறுவனத்துக்குத் தெரியவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே நீ எழுதியதை அழித்துவிடாதே, இடத்தை மாற்று. ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகர்கள் 2003இலேயே ‘மெமரி ஆல்ஃபா’ என்று, ரசிகர்களே எழுதித் திருத்தும் தனி விக்கித் தளத்தைத் தொடங்கினார்கள். அதில் ஒவ்வொரு விண்கலத்துக்கும் ஒரு பக்கம் வைத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் பகுதிகளுக்கும் கதைமாந்தர்களுக்கும் தனிக் கட்டுரை வேண்டுமா என்ற சண்டை 2007, 2008இல் சச்சரவுகளைத் தீர்க்கும் நடுவர் குழு வரை இரண்டு முறை போயிற்று. அவ்வளவு கசப்பு எதற்கு? அந்தத் தொடருக்கென்று ரசிகர் விக்கி இல்லையென்றால் நீயே தொடங்கு. முதல் பத்துப் பக்கங்களுக்கு மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.

அங்கும் ஒரு எல்லை உண்டு. வசனங்களை வரி வரியாக எழுதி வைக்காதே. ‘சைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரிலிருந்து 643 கேள்விகள் தொகுத்து ஒருவர் வினாவிடைப் புத்தகம் போட்டார். அது பதிப்புரிமை மீறல் என்று 1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மைத் தகவல்களைத்தானே கேட்டோம் என்ற வாதம் எடுபடவில்லை. கதைக்குள் நடப்பவை உலகத்து உண்மைகள் அல்ல, எழுதியவரின் கற்பனை என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்த பிறகுதான், கதையை விரித்து எழுதுவதற்கும் தொடரைப் பற்றி எழுதுவதற்கும் உள்ள தூரம் எனக்குச் சரியாக விளங்கிற்று.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீக்கியவரோடு மல்லுக்கட்டிப் பழைய வடிவத்தை மீட்காதே. ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் மீட்டால் நிருவாகிகள் உன்னைத்தான் தொகுக்க விடாமல் தடுப்பார்கள். பேச்சுப் பக்கத்தில் பொதுவாக எழுதாமல், இசையமைப்பாளர் பத்தி, நடிகர் பட்டியல் இரண்டையும் பெயர் சொல்லிக் கேள். பிறகு, அந்தத் தொடர் ஓடிய காலத்து வார இதழ்களிலிருந்து வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாயே, அந்த நோட்டுகளை எடு. இயக்குநர் பேட்டி, படப்பிடிப்புச் செய்தி, வாசகர் கடிதம் எல்லாம் அவற்றில் இருக்கும். இணையத்தில் இல்லாத சான்றும் சான்றுதான். இதழின் பெயர், தேதி, பக்க எண், எழுதியவர் பெயர் நான்கையும் வரிசையாக எழுதி அனுப்பு. பக்க எண் வெட்டுப்பட்டுப் போயிருந்தால் அதையும் குறி. நூலகத்தில் பழைய தொகுதிகளைப் பார்த்து நான் நிரப்புகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்