அந்த முக்கால் மணி நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜெர்மனியிலிருந்து பஸ்ஸில் இத்தாலி வரை குரூப் டூர் போனதைப் பற்றி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் அம்மாவும் நானும் உட்கார்ந்து கேட்டோம். போனில் பேசினால் “சரிப்பா, சரிப்பா” என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பரீட்சை, அசைன்மென்ட் என்று எது இருந்தாலும் ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகப் படி.

முதலில் ஒரு சந்தோஷம். கிளம்பும்போது லொகேஷன் ஷேர் பண்ணிவிட்டுப் போனாயே, அது எங்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா? ஃபிராங்க்ஃபர்ட்டில் உங்கள் பஸ் புறப்பட்டதிலிருந்து நானும் கூடவே வந்துகொண்டிருந்தேன். சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் தாண்டி கோஷெனன் என்ற ஊர் வரை நன்றாக நகர்ந்த புள்ளி அப்படியே நின்றுவிட்டது. அம்மா பதறிவிட்டாள். அங்கே கோத்தார்ட் சுரங்கப்பாதை இருக்கிறது, 1980-ல் திறந்தது, கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர், மலைக்குள்ளே போகிற பஸ்ஸை மேப் எப்படிக் காட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். மறுபக்கம் ஐரோலோவில் புள்ளி வெளியே வந்தபிறகுதான் அவள் அடுப்படிக்குப் போனாள். அந்த மலை மேலே கல் பாவிய பழைய பாதை ஒன்று உண்டு, டிரெமோலா என்று பெயர். 24 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலையின் 70 வளைவிலும் பஸ் ஏற்றி இறக்கியவன் நான். அதை வீடியோவில் பார்த்ததற்கே கை துறுதுறு என்றது. நீயானால் சுரங்கம் முழுக்கத் தூங்கினேன் என்கிறாய்! போகட்டும், உடம்பு அசதி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். “இனிமேல் குரூப் டூரே வேண்டாம்ப்பா” என்றாய். அதற்கு நீ சொன்ன காரணங்களில் எனக்கு மனசு ஒட்டாத ஒன்று, அந்த டிரைவரைப் பற்றி நீ பேசியது. நடு ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் முக்கால் மணி நேரம் சும்மா நிறுத்தி வைத்தார், லுகானோ ஏரிக்கரையில் நிறுத்துவதாக அட்டவணையில் இருந்தும் நிறுத்த மாட்டேன் என்றுவிட்டார், சிடுமூஞ்சி என்றாய். உன்னோடு வந்த பையன்களும் பின்னால் உட்கார்ந்து அவரைக் கிண்டல் செய்தார்களாம்.

அந்த முக்கால் மணி நேரம் அவர் விருப்பப்பட்டு எடுத்துக்கொண்ட ஓய்வு இல்லை பாப்பா. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். அதற்கப்புறம் 11 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு. இதில் கொஞ்சம் முன்னே பின்னே இடம் உண்டு, ஆனால் இஷ்டத்துக்கு இல்லை. டேஷ்போர்டில் டாக்கோகிராஃப் என்று ஒரு கருவி இருக்கும். டிரைவர் தன் பெயருக்கு உள்ள கார்டை அதில் சொருகித்தான் வண்டியை எடுக்கவேண்டும். எப்போது எடுத்தார், எவ்வளவு நேரம் ஓட்டினார், எங்கே நிறுத்தினார் எல்லாம் அதில் பதிவாகிவிடும். போலீஸ் வழியில் மறித்தால் அன்றைக்கு ஓட்டியதை மட்டுமல்ல, முந்தைய நாட்களின் கணக்கையும் எடுத்துப் பார்ப்பார்கள். மீறியிருந்தால் அபராதம்.

உங்கள் முதல் நாளையே கணக்குப் போட்டுப் பார். காலை 7 மணிக்கு ஃபிராங்க்ஃபர்ட். லூசெர்ன் போய்ச் சேரவே ஐந்தரை மணி நேர ஓட்டம். அங்கிருந்து மிலான் மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒன்பதில் மிச்சம் இருப்பது கொஞ்ச நிமிஷம்தான். அடுத்த நாள் காலை 7 மணிக்கு மறுபடி வண்டி எடுக்கவேண்டும், நடுவில் 11 மணி நேர ஓய்வும் வேண்டும் என்றால் ராத்திரி 8 மணிக்குள் அவர் சாவியைக் கழற்றியாக வேண்டும். லூசெர்னில் சாக்லேட் வாங்கப் போன நாலைந்து பேர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார்கள் என்று நீதானே சொன்னாய்? உங்கள் லுகானோ அங்கேயே கரைந்துபோய்விட்டது. 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய மரப்பாலத்தை ஓடி ஓடிப் பார்த்துவிட்டு நேரத்துக்கு வந்து உட்கார்ந்தவள் நீ. கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடம் ஸ்டீயரிங் பக்கம் இல்லை.

நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியாது. நீ ரொம்பச் சின்னவள் அப்போது. நான் வேலை பார்த்த டிராவல்ஸில் எனக்கு அண்ணன் மாதிரி ஒருவர் இருந்தார். மலைப்பாதையில் எனக்கு வண்டி பழக்கியவர் அவர்தான். “எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு, பிரேக்கை நம்பாதே” என்று தலையில் தட்டிச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு ஐயப்ப சீசனில் பம்பை போய்விட்டு விடிகாலையில் வந்து இறங்கினார். குளித்துவிட்டு அரைத் தூக்கம்கூடப் போட்டிருக்க மாட்டார், வடநாட்டு பார்ட்டி ஒன்று ராமேஸ்வரம் போகிறது, ஆள் இல்லை, நீயே எடு என்று முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். போனார். அன்று ராத்திரியே திரும்பச் சொன்னார்கள். அதிகாலை மூன்றரை மணி வாக்கில் ரோட்டோரம் நின்ற லாரியின் பின்னால் போய் மோதினார். பார்ட்டியில் பலருக்குக் கை கால் முறிவு. அவர் சீட்டிலேயே போய்விட்டார்.

மறுநாள் பேப்பரில் ‘டிரைவர் தூங்கியதால் விபத்து’ என்று போட்டிருந்தார்கள். அவரைத் தூங்கவிடாதது யார் என்று ஒருவரும் எழுதவில்லை. நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அதில் இருந்தது. ஆனால் நாங்கள் ஓட்டிய வண்டிகளில் அந்தக் கருவியும் இல்லை, கார்டும் இல்லை. சீசன் வந்தால் மணிக்கணக்கு பார்க்க யாருக்கும் நேரமும் இல்லை. வெந்நீரில் முகம் கழுவி, டீக்கடையில் ஸ்ட்ராங்காக ஒன்று அடித்துவிட்டு மறுபடி ஏறி உட்காருவோம். அதனால்தான் அந்த ஜெர்மன்காரர் பங்கில் வண்டியை ஓரம் கட்டி, கால் நீட்டி உட்கார்ந்தார் என்று நீ எரிச்சலோடு சொன்னபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. என் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவர் தூக்கக் கலக்கம் இல்லாமல் ஓட்டுகிறார். எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

இன்னொன்றையும் கவனித்தாயா? அங்கே கிளீனர் கிடையாது. எனக்கு ரிவர்ஸ் எடுக்கவேண்டும் என்றால் பின்னால் ஒரு பையன் தட்டித் தட்டி “வா, வா, ரைட்” என்று குரல் கொடுப்பான். பெட்டி ஏற்ற, கண்ணாடி துடைக்க, ராத்திரி தூங்காமல் பேச்சுக்கொடுக்க எல்லாவற்றுக்கும் அவன்தான். உங்கள் டிரைவர் ஐம்பது பேர் பெட்டியையும் டிக்கியில் தானே தூக்கி வைத்து, தானே இறக்கி, ஒற்றை ஆளாக அந்த நீளமான வண்டியை இத்தாலியின் குறுகலான தெருக்களில் திருப்பியிருக்கிறார். அவர் சிரிக்காததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சாப்பாட்டு விஷயம் கேட்டுத்தான் அம்மா கலங்கிவிட்டாள். மிலானில் எல்லோரும் சேர்ந்து பீட்சா சாப்பிடப் போக, நீ ரூமில் பிஸ்கட் சாப்பிட்டுப் படுத்தாயாம். அவர்கள் கூப்பிடவில்லை என்றாய். முதல் நாள் பஸ்ஸில் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள் கண்ணு. அதை நான் எத்தனையோ டூரில் கண்ணாடி வழியே பார்த்திருக்கிறேன். ஏதாவது ஒன்று கெட்டுப்போகவேண்டும். டயர் பஞ்சராகவேண்டும், மழை பிடித்துக்கொள்ளவேண்டும், யாராவது தொலைந்துபோகவேண்டும். அப்புறம்தான் புளியோதரைப் பொட்டலம் சீட்டுக்கு சீட் கை மாறும்.

உனக்கும் வெனிஸில் அதுதானே நடந்தது? பஸ்ஸை டிரோன்கெட்டோ பார்க்கிங்கில் விட்டுவிட்டு படகில் போய் இறங்கி, சந்துக்குள் நுழைந்து, அந்த பிரேசில் பெண்ணும் நீயும் வழி தவறி, மேப்பும் சுற்றிச் சுற்றிக் காட்ட, கடைசியில் சுவரில் இருந்த மஞ்சள் பலகைகளில் ‘ரியால்ட்டோ’, ‘சான் மார்கோ’ என்று அம்புக்குறி பார்த்துப் பார்த்து வந்து சேர்ந்தீர்கள். அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் உன் குரலே வேறாக இருந்தது. அதற்கப்புறம் இன்ஸ்ப்ரூக் வரைக்கும் நீ ஒரு புகாரும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் ஊர், அவள் அம்மா, அவளுக்கு நீ கற்றுக்கொடுத்த தமிழ் என்று ஒரே பேச்சு. தனியாக ரயிலில் போயிருந்தால் அவள் உனக்குக் கிடைத்திருப்பாளா?

அப்புறம், அந்த வெனிஸ் பாலத்தில் போகும்போது பஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் தண்ணீராக இருந்தது, பாம்பன் ஞாபகம் வந்தது என்றாயே. எனக்கும்தான் வந்தது. அது 1933-ல் திறந்த பாலம், கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர். நம் பாம்பன் ரோட்டுப் பாலம் 1988. காற்று அடிக்கிற நாளில் அதில் பஸ் ஓட்டினால் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளவேண்டும். அங்கே எப்படியோ.

டிசம்பரில் பிராக், வியன்னா, புடாபெஸ்ட் என்று ஒரு டூர் வருகிறது, போகலாமா வேண்டாமா என்று அரைமனதாகக் கேட்டாய். போ. பணம் நான் அனுப்புகிறேன், பார்ட் டைம் வேலையில் சேர்த்ததைத் தொடாதே. கடைசி வரிசையில் மட்டும் உட்காராதே, உனக்கு வாந்தி வந்தது அதனால்தான். பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டி அதிகமாக ஆடும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் சீட் கேட்டு வாங்கு. போனைப் பார்க்காமல் தூரத்தில் பார். பெல்ட்டைக் கழற்றாதே, பனிக்காலத்து ரோடு. மற்ற எல்லோரும் கழற்றியிருந்தாலும் நீ போட்டிரு.

வண்டி பங்கில் நிற்கும்போது டிரைவரிடம் போய் ஒரு வணக்கம் சொல். உனக்குத்தான் இப்போது ஜெர்மன் வருகிறதே. எங்கள் அப்பாவும் பஸ் டிரைவர்தான் என்று சொல். மலை இறக்கத்தில் அவர் ரிடார்டரை, அதாவது பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கிற கருவியை, மட்டும் வைத்தே சமாளிக்கிறாரா, கியரையும் குறைக்கிறாரா என்று எனக்காகக் கேட்டு எழுது. அவர் சரி என்றால் அந்த டேஷ்போர்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

பருப்புப்பொடியும் வற்றக்குழம்புப் பொடியும் அம்மா பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை அனுப்புகிறேன். வந்ததும் சொல்.

அன்புடன்,
அப்பா